நான் வெளியில நிக்கிறன்

அந்த அறைக்கு வெளியே ஒரு நாற்காலி இருந்தது. நீலத் துணி உறை, தளர்ந்துபோன வலது கைப்பிடி. எதிர்ச் சுவரில், தீப்பிடித்தால் எந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டும் என்ற அறிவிப்பு. உதவித்தொகைக் குழு கூடுகிற நாட்களில் அந்த நாற்காலியில் ஒரு பழுப்புக் கைப்பை இருக்கும். பைக்குரியவர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

அவர் யாரையோ பார்க்க வந்து காத்திருப்பவர் அல்ல. அந்தக் குழுவிலேயே ஓர் உறுப்பினர். லண்டனில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பல்கலைக்கழகத்தில், ஆசிய, ஆப்பிரிக்க, கரீபியக் குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து விண்ணப்பிக்க வைப்பதும், வந்து சேர்ந்தவர்கள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவருடைய வேலை. இலங்கையில் மன்னாரிலிருந்து வந்த பெண்மணி. அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் வந்ததும், குழுத் தலைவர் கேட்பதற்கு முன்பே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போடுவார். "எனக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் எல்லோரிடமும் சொல்வார். எழுந்து போகும்போது, பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொல்வார்:

"நான் வெளியில நிக்கிறன்."

விண்ணப்பதாரரைத் தெரிந்தவர் அந்த விண்ணப்பத்தைப் படிக்கக் கூடாது, அது பேசப்படும்போது அறையில் இருக்கவும் கூடாது என்பது விதி. ஆறு பேர் கொண்ட குழுவில் அந்த விதியை முழுதாகப் பின்பற்றியவர் அவர் ஒருவர்தான் என்பது என் கணிப்பு. 'சமூகப் பிரதிநிதி' என்ற பெயரில் ஓர் ஆண்டு நானும் அங்கே இருந்தேன்.

என்னை அந்தக் குழுவில் சேர்க்கச் சொன்னவரும் அவர்தான். அதற்குக் காரணம் ஒரு பிழை.

நான் அப்போது கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் ஒரு தமிழ் வார இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். நகைக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு மேசை, ஒரு பிரிண்டர். பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சலில் ஒரு விளம்பரம் வந்தது. ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தைக் கொண்டு தமிழாக்கியிருந்தார்கள். விளம்பரங்களை நாங்கள் திருத்துவதில்லை, வந்தபடியே போட்டுவிடுவோம். அப்படியே போட்டோம். கொட்டை எழுத்தில், 'நிறமுள்ள மாணவர்களுக்குப் பல்கலைக்கழக உதவித்தொகை.'

ஆங்கிலத்தில் அந்தச் சொல் வெள்ளையர் அல்லாத எல்லோரையும் குறிக்கும். தமிழில் நிறம் என்றால் என்ன நிறம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கத்திலேயே, விளம்பரத்துக்கு நேர் கீழே, மணமகள் தேவை பகுதியில் 'நிறமான, அடக்கமான' பெண்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதழ் வெளிவந்த மூன்றாம் நாள் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, உந்த யூனிவேர்சிற்றி விளம்பரம் பாத்தனான். என்ர பிள்ளை கறுப்பு. போடலாமோ?"

"தாராளமாப் போடலாம்மா. அது மொழிபெயர்ப்புல வந்த தப்பு."

"இல்லை, தங்கச்சிக்காரிதான் நிறம். இவள் தகப்பனைப் போல. படிப்பும் தகப்பனைப் போலத்தான். இவரும் கம்பஸ் எடுபட்டவர்."

கம்பஸ் என்றால் பல்கலைக்கழகம்; அங்கே படித்தவர் என்று நான் புரிந்துகொண்டேன். மதுரைக்காரன் காதுக்கு அது அப்படித்தான் விழுந்தது. விண்ணப்பம் வாங்கும் இடத்தைச் சொன்னேன். பெயரைக் கேட்கவில்லை. அழைப்பவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள் என்பது பத்திரிகை வேலையில் எனக்கு முதல் நாளே சொல்லித்தந்த பாடம்.

மறுநாள் அந்தப் பல்கலைக்கழகத்து மன்னார்ப் பெண்மணி படியேறி வந்தார். எங்கள் இதழைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். கோபம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து இதழை விரித்து, அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"அண்ணை, இதை வாசிச்சுப்போட்டு ரெண்டு தாய்மார் பிள்ளையளின்ர படத்தை எனக்கு அனுப்பியிருக்கினம். இந்த நிறம் காணுமோ, போதுமோ எண்டு."

நான் மன்னிப்புக் கேட்டேன். 'வெள்ளையரல்லாத மாணவர்கள்' என்று மாற்றி எழுதிக் காட்டினேன். அதைப் படித்தார்.

"'அல்லாத' எண்டு சொல்லி ஒரு பிள்ளையைக் கூப்பிடேலுமோ?"

ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் ஆசிய, ஆப்பிரிக்க, கரீபியக் குடும்பங்களின் பிள்ளைகள் என்று நீட்டியே போட்டோம். விளம்பரம் ஒரு வரி நீண்டது. நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது பின்னால் நின்று, "கீழ சின்னனா, கறுப்பெண்டாலும் பரவாயில்லை எண்டும் போட்டுவிடுங்கோவன்" என்றார். திரும்பிப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பே இல்லை. அவருடைய நகைச்சுவை அந்த வகை.

அவர் விண்ணப்பங்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். எல்லோரும் முதலில் படிப்பது மாணவர் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரையை. அதைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் திருத்தித் திருத்தி ஒரே மாதிரி ஆக்கிவிடுவார்கள் என்பார் அவர். "ஒருத்தரும் திருத்தாத இடத்தைப் பாருங்கோ" என்பார். அவசரத்துக்கு யாரை அழைப்பது, எந்த நேரத்தில் தொலைபேசலாம், வீடு மாறிய முகவரிகள், பேனா மாறிய இடங்கள். விண்ணப்பம் அந்த ஆண்டிலும் காகிதத்தில்தான் இருந்தது. வீட்டில் கணினி இல்லாதவர்களும் போட வேண்டும் என்று அவர்தான் பிடிவாதமாக அப்படி வைத்திருந்தார்.

காங்கோ நாட்டுக் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் கட்டுரை ஆறே வரி இருந்தது. ஆர்வம் போதாது என்று ஒதுக்கப் பார்த்தார்கள். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தொடர்புகொள்ளும் நேரம் என்ற கட்டத்தில் இருந்ததைப் படித்தார். 'மூன்றிலிருந்து நாலு வரை வேண்டாம், தம்பியைக் கூட்டிவரும் நேரம். ஏழிலிருந்து எட்டு வரை வேண்டாம், அம்மாவுக்கு ஊசி போடும் நேரம். ஒன்பதுக்கு மேல் தயவுசெய்து வேண்டாம், அப்போதுதான் படிக்கிறேன்.' படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார். "கட்டுரை இங்கே இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைத்தது.

வந்து சேர்ந்த பிள்ளைகளிடமும் அப்படித்தான். வங்கதேசத்துச் சில்ஹெட் குடும்பத்துப் பெண் ஒருத்தி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அந்தப் பெரிய மண்டபத்தில் தன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்பதற்கு மேல் காரணம் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. இவர் ஒரு வாரம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார். பாடம், கட்டடம் கட்டுவதற்கான மண்ணின் தன்மை பற்றியது.

"விளங்கிச்சா?" என்று கேட்டேன்.

"ஈர மண்ணில வீடு கட்டக் கூடாதாம். இது மன்னாரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

இப்படிப்பட்டவர்தான் தமிழ்ப் பெயர் வந்ததும் கண்ணாடியைக் கழற்றுவார்.

அந்தக் குழுவில் இருந்த ஒரு பேராசிரியருக்கு ஒரு பள்ளித் தலைமையாசிரியரைத் தெரியும். அந்தப் பள்ளிப் பிள்ளையின் விண்ணப்பம் வந்தபோது அவர் அறையில்தான் இருந்தார். இன்னொருவரின் பக்கத்து வீட்டுக்காரரின் மகள் விண்ணப்பித்திருந்தாள். அவரும் எழுந்திருக்கவில்லை. இதை நான் மன்னார்க்காரரிடம் சொன்னேன்.

"அவைக்குத் தெரியும் எண்டா, வீட்டுக்கு வந்து சாப்பிடுற அளவுக்குத் தெரியோணும்" என்றார். "எங்களுக்கு, பேரைச் சொன்னா ஊர் தெரியும். ஊரைச் சொன்னா கோயில் தெரியும். கோயிலைச் சொன்னா, தகப்பன் ஆரோட சண்டை எண்டும் தெரியும். ஃபோர்மில அளவு கேக்கேல்ல, அண்ணை. தெரியுமோ எண்டு மட்டும்தான் கேட்டிருக்கு."

"தெரியாத தமிழ்க் குடும்பம் ஒண்ணாவது இருக்கும்ல?"

"இருந்தது. விசாரிச்சன். தெரிஞ்சுபோச்சு."

ஆகவே, ஈழத் தமிழர் ஒருவர் உள்ளே இருக்கும் அந்தக் குழுவில், தமிழ்ப் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் மட்டும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கப்படவே இல்லை.

வெளியே யாருக்கும் இது தெரியாது. ஸ்ட்ரெதமில் அவருடைய தமிழ்க் கத்தோலிக்கப் பங்குக் கோவில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடலுக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். மீன் ரோல்ஸ் தட்டோடு நின்ற ஒருவர், இவர் காதில் விழும் தூரத்தில், சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளக்கினம். தன்ர பிள்ளை தானா வளருமாம்."

அப்படிச் சொன்னவருடைய மகனுக்கு முந்தைய ஆண்டு உதவித்தொகை கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஒருத்தி, "பெரிய இடத்தில இருக்கிற ஆக்களுக்கு நாங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டம் அக்கா" என்றாள். இவர் தேநீர்க் கோப்பையில் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சீனி போட்டுக்கொள்ளும் பழக்கம் இவருக்கு இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் நான் கேட்டேன். "நீங்க வெளியே போயிடறீங்கன்னு ஒரு தடவை சொல்லிட்டா என்ன?"

"சொன்னா அது சாட்டு மாதிரிக் கிடக்கும்" என்றார். சாட்டு என்றால் நொண்டிச் சாக்கு. "நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

குழு அறைக்கு வெளியே இருந்த நடைவழி அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. "நெருப்புப் பிடிச்சா எந்தப் படி எண்டு என்னைக் கேளுங்கோ" என்பார். "இந்தக் கட்டடத்தில அது ஒண்டுதான் எனக்கு வடிவாத் தெரியும்."

இனிச் சொல்லப்போவது ஒரு தமிழ்ப் பெண்ணின் விண்ணப்பம் பற்றி; அதில் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் அப்படித்தான் எழுதிப் பழக்கம். அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. மருந்தாளராகப் படிக்க விரும்பியவள். ஹவுன்ஸ்லோவில் ஒரு மருந்துக் கடையில் சனிக்கிழமைகளில் வேலை செய்துகொண்டிருந்தாள். இப்போது அதே கடையில் எல்லா நாளும் வேலை செய்கிறாள்.

அவளுடைய குடும்பத்துக்கு நிரந்தர விசா இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விசா. அதை வைத்துக்கொண்டு அரசாங்கக் கல்விக் கடன் எடுக்க முடியாது. தகப்பன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளை ஏற்றுகிறவர். இந்த உதவித்தொகை கிடைத்தால் அவள் படிப்பாள், கிடைக்காவிட்டால் இல்லை. இடையில் வேறு வழி இருக்கவில்லை.

கூட்டத்தில் அவள் பெயர் வந்தது. கண்ணாடி உறைக்குள் போனது. "நான் வெளியில நிக்கிறன்." கதவு மூடியது.

நல்ல கட்டுரை. மருந்துக் கடைக் கவுண்டருக்கு ஒன்றைக் கேட்க வந்து, அதைக் கேட்க முடியாமல் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தாள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அந்த ஆண்டு இடங்கள் குறைவு. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு முன்னுரிமை. 'பெற்றோரில் யாராவது பல்கலைக்கழகம் சென்றிருக்கிறார்களா?' என்ற கேள்விக்கு, ஆம் என்ற கட்டத்தில் குறி இருந்தது.

நான் ஒன்றைக் கவனித்தேன். படிவம் முழுக்க அந்தப் பெண் கட்டங்களில் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தாள். அந்த ஒரு கட்டத்தில் மட்டும், கட்டத்தை மீறி, வாத்தியார் விடைத்தாளில் போடுவது போல ஒரு பெரிய சரி இருந்தது. கண்ணில் பட்டது, ஆனால் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லக்கூடியவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் விண்ணப்பம் காத்திருப்போர் பட்டியலுக்குக் கீழே போனது. தலைவர் கதவைத் திறந்து அவரை உள்ளே அழைத்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

முடிவுக் கடிதம் போன பிறகு அந்தப் பெண் அவருடைய மேசைக்கு வந்தாள். காரணத்தை விளக்கிச் சொல்வது அவருடைய வேலையில் சேர்ந்தது. அதற்குத் தடை இல்லை. பெண் கடிதத்தில், பெற்றோர் பல்கலைக்கழகம் சென்றவர் என்ற வரியைக் காட்டினாளாம்.

"அன்ரி, அப்பா யூனிக்குப் போனவரா? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

அவர் எனக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னார். எடுபட்டவர் என்ற சொல்லுக்குச் சரியான பொருளை அன்றுதான் எனக்குச் சொன்னார். பல்கலைக்கழகத்துக்குத் தேர்வானவர். அவ்வளவுதான். அந்தத் தகப்பன் தேர்வானார். சேர வேண்டிய மாதத்தில் சண்டை தொடங்கிப் பாதை மூடிவிட்டது. மூடிய பாதை திறந்தபோது அவர் நாட்டில் இல்லை. அந்தக் குடும்பமும் வந்துபோகும் ஸ்ட்ரெதம் பங்கில் இன்றைக்கும் அவரைக் குறிப்பிடும்போது 'கம்பஸ் எடுபட்டவர்' என்றுதான் சொல்கிறார்கள். பெட்டி ஏற்றுகிறவர் என்று யாரும் சொல்வதில்லை.

விவரப் பிழை இருந்தால் இரண்டு வாரத்துக்குள் திருத்தித் தரலாம். ஒரு பக்கப் படிவம். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் விண்ணப்பம் மறுபடி குழுவுக்கு வரும். கட்டாயம் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். கிடைத்திருக்கலாம்.

"நீங்கள் என்னோட வாறியளோ?" என்று கேட்டார். என் ஓராண்டுப் பொறுப்பு அந்தக் கூட்டத்தோடு முடிந்திருந்தது. "நான் கேட்டா அவர் சொல்லமாட்டார். நீங்கள் தெரியாத ஆள். இந்தியாக்காரர். உங்களுக்குச் சொல்லலாம்."

அந்த வீட்டுக்குப் போகப்போவதாகத் தன் மேலதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினார்.

ஹவுன்ஸ்லோவில் அந்தத் தெருவுக்கு மேல் விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போகும். விமானம் வரும்போது பேச்சை நிறுத்திவைத்து, போன பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்வது அந்தத் தெருக்காரர்களின் பழக்கம். கதவைத் திறந்த பெண்ணின் குரலை உடனே அடையாளம் கண்டேன். கறுப்பென்றால் போடலாமோ என்று கேட்ட குரல். அவருக்கு என் குரல் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தகப்பன் காலை ஷிப்ட் முடிந்து வந்து, மினுங்கும் மஞ்சள் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்கோ அக்கா, வாங்கோ. இஞ்ச வந்து இருங்கோ. பிள்ளை, அன்ரிக்குத் தேத்தண்ணி போடு."

தேநீர் வந்தது. மிக்சர் வந்தது. பங்குத் தந்தையின் முழங்கால் வலி பற்றிப் பேசினோம். படிவம் அவருடைய கைப்பையில் இருந்தது. பாதிக் கோப்பை குடித்த பிறகு அதை எடுத்து மேசையில் வைத்து என்னைப் பார்த்தார்.

"அந்தக் கேள்வி, பெத்தவங்க பல்கலைக்கழகத்துல படிச்சிருக்காங்களான்னு கேக்குது" என்றேன். "நீங்க படிச்சீங்களா?"

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. இவரைப் பார்த்தார்.

"அக்காவுக்குத் தெரியும்தானே. நான் கம்பஸ் எடுபட்டவன்."

"ஓம்" என்றார் இவர்.

"அந்த வருசம் எங்கட பள்ளிக்கூடத்தில எத்தினை பேர் எடுபட்டது எண்டு அக்காவைக் கேளுங்கோ."

"ரெண்டு பேர்."

"போகேலாமப் போனது என்ர பிழையோ அக்கா? பாதையைப் பூட்டினது நானோ?"

"இல்லைத் தம்பி."

"தப்புன்னு யாரும் சொல்லலைங்க" என்றேன். "எடுபட்டீங்களான்னு அதுல கேக்கலை. போனீங்களான்னுதான்..." விமானம் வந்தது. காத்திருந்தேன். "...கேக்குது."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "இங்கிலிசில ரெண்டும் ஒண்டில்லையோ, பிள்ளை?"

"நோ, அப்பா" என்றாள் அவள். கொஞ்சம் கழித்து, "டிஃபரென்ட்" என்றாள். தகப்பனைப் பார்க்காமல் மிக்சர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இவர் கோப்பையை வைத்தார். கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். அந்த அசைவை நான் குழு அறையில் பலமுறை பார்த்திருந்தேன். ஒரு வீட்டில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நீங்கள் இவரோட கதையுங்கோ, தம்பி. நான் வெளியில நிக்கிறன்."

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜன்னல் திரை வழியாக, நடைபாதையில் அவருடைய சாம்பல் நிறக் கோட்டின் முதுகு தெரிந்தது. வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

தகப்பன் படிவத்தைக் கையில் எடுத்து மெதுவாகப் படித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். 'தவறான விவரம்' என்ற கட்டத்தில் விரல் நின்றது.

"இதில என்ன எழுதோணும்?"

"பல்கலைக்கழகம் போகலைன்னு எழுதினாப் போதும்."

"என்ர கையால."

"ஆமா."

"அக்கா வாசிக்கேக்க 'இல்லை' எண்டு கிடந்தா, எடுபட்டதும் பொய் எண்டெல்லோ போகும்? அவ பாப்பா எண்டுதான் வடிவா, பெரிசா, சரி போட்டனான். அங்க எங்கட ஆள் ஒருத்தி இருந்து வாசிக்கிறா எண்ட தைரியத்திலதான் பிள்ளையைப் போடவே விட்டனான்."

அப்போது நான் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டதைத்தான் சொன்னேன். "அவங்க வாசிக்கலைங்க. தமிழ்ப் பேர் வந்தா அவங்க படிக்கக் கூடாது. எழுந்து வெளியே போயிடுவாங்க. உங்க பொண்ணு பேர் வந்தப்பவும் வெளியதான் நின்னாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். மனைவியையும் பார்த்துச் சிரித்தார்.

"எங்கட ஆளைக் கூப்பிட்டு உள்ளுக்க இருத்திப்போட்டு, எங்கட பிள்ளையள் வரேக்க வெளியில விடுறவையோ? அண்ணைக்கு ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம்."

"அப்படித்தாங்க விதி."

"நீங்கள் இந்தியாவில இருந்து வந்தனீங்கள். உங்களுக்கு எங்கட ஆக்களின்ர விசயம் விளங்காது." குரலில் கடுமை இல்லை. என்மேல் இரக்கப்படுவது போலச் சொன்னார். பேனாவை மூடினார். படிவத்தை இரண்டாக மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, என்னிடம் தந்தார். "அடுத்த வருசம் போடட்டும். அக்கா பாத்துக்கொள்ளுவா."

மகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அது ஓடிக்கொண்டிருந்தது.

தகப்பன் எங்களை வழியனுப்ப நடைபாதைவரை வந்தார். இவர் திரும்பினார். என் கையில் மடித்த தாளைப் பார்த்தார். நான் தாளைக் கொடுத்தேன், கைப்பைக்குள் வைத்தார்.

"அக்கா, ஒரு பகிடி கேளுங்கோ" என்றார் தகப்பன். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "இந்த அண்ணை சொல்லுறார், எங்கட பேர் வந்தா நீங்கள் எழும்பி வெளியில போயிடுவியளாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பையின் பட்டியைத் தோளில் சரிசெய்தார்.

"ஓம், தம்பி."

"என்ன ஓம்?"

"போயிடுவன்."

தகப்பனின் சிரிப்பு உடனே போகவில்லை. உதட்டில் கொஞ்ச நேரம் இருந்தது.

"அப்ப என்ர பிள்ளையின்ரய ஆர் வாசிச்சது?"

"இவரும், இன்னும் நாலு பேரும்."

தகப்பன் என் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக என்னை முழுதாகப் பார்த்தார். ஏதோ கேட்க வாய் திறந்தார். அந்த நேரம் ஒரு விமானம் கூரைகளுக்கு மேல் தாழ்ந்து வந்தது. அந்தத் தெருப் பழக்கப்படி மூன்று பேரும் பேசாமல் நின்றோம். சத்தம் தேய்ந்து, மறுபடி தெரு தெருவாக ஆயிற்று. அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மஞ்சள் மேலங்கியின் ஜிப்பை மேலே இழுத்து மூடிக்கொண்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.